ஒரு மைதானம், இரண்டு பந்து



உன்னிச்சை உறவுகளே, ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் குடியிருக்கிற நம் ஊர்க் குடும்பங்களே, வெளிநாட்டில் உழைத்துக்கொண்டிருக்கிற தம்பிமாரே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். இடையில் விட்டுவிட்டுப் போய் கீழே கருத்து எழுத வேண்டாம்.

விசயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு கிழமைக்கு முன்னர் அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் போனால் ஒரு பக்கம் உதைபந்தாட்டப் பொடியன்மார், மற்றப் பக்கம் கிரிக்கெட் பொடியன்மார். இரு பகுதிக்கும் அன்றைக்கே பயிற்சி, இரு பகுதிக்கும் அடுத்த மாதம் சுற்றுப்போட்டி. மைதானமோ ஒன்று. கைகலப்பு ஏற்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாயில் வந்த வார்த்தைகள் நல்லதாக இருக்கவில்லை. அதன் பிறகு கிரிக்கெட் பகுதியார் வெளிநாட்டில் உள்ளவர்களிடம் காசு சேர்த்து மைதானத்தின் நடுவில் கொங்கிரீட் ஆடுகளம் போடுவதென்று கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்குகிறார்கள். உதைபந்தாட்டப் பகுதியார் அதற்கு எதிர்க் கடிதம் எழுதுகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசப் போகிறார்கள்.

இதற்கிடையில் இரு பகுதியாரும் எங்களிடம் வந்தார்கள். "சேர், நீங்கள் சரித்திரம் படிப்பிக்கிற ஆள், ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்றார்கள். ஒரு பகுதி சொல்கிறது, மூத்தாப்பாமார் காலத்திலிருந்தே இது உதைபந்தாட்ட ஊர் என்று. மற்றப் பகுதி சொல்கிறது, உலகக் கிண்ணம் வென்ற நாட்டில் கிரிக்கெட்டுக்கு ஒரு ஆடுகளம் கூட இல்லாத ஊர் என்ன ஊர் என்று. இருவருமே சரித்திரம் தங்கள் பக்கம் என்கிறார்கள்.

தீர்ப்புச் சொல்ல நாங்கள் நீதவான் இல்லை. ஆனால் இந்தச் சண்டையை நமக்கு 120 வருடத்துக்கு முன்பே பிடித்து, அதன் முடிவையும் பார்த்துவிட்ட ஒரு ஊரைப் பற்றிச் சொல்லலாம். அந்த ஊரின் பெயர் பிராட்போர்ட். இங்கிலாந்தின் வடக்கே யோர்க்ஷயரில் இருக்கிறது. இன்று அங்கே முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஆனால் நாம் பேசப்போகிற காலத்தில் அது கம்பளி ஆலைகளின் நகரம். நாள் முழுக்க ஆலைச் சங்கும் புகையும்தான்.

அங்கே சண்டை உதைபந்தாட்டத்துக்கும் றக்பிக்கும் நடந்தது. றக்பியை நம் நாட்டில் றகர் என்றும் சொல்வார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. ஒரு காலத்தில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், 'புட்போல்'. 1863இல் இலண்டனில் சில கழகங்கள் கூடி, காலால் ஆடுகிற விளையாட்டுக்கு ஒரு சட்டத் தொகுப்பு எழுதின. கையால் தூக்கி ஓடுகிறவர்கள் 1871இல் றக்பி யூனியன் என்று தனிச் சங்கம் அமைத்தார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல.

இந்த விளையாட்டுகள் ஆலைத் தொழிலாளியிடம் எப்படி வந்தன? இதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின்படி சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஆலை வேலை நிற்க வேண்டும் என்று வந்தது. அதுவரை தொழிலாளிக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு, அது தேவாலயத்துக்குரிய நாள். சனிப் பிற்பகல் கிடைத்த பிறகுதான் மைதானத்துக்குப் போக நேரம் கிடைத்தது. விளையாட்டுக்கு முதலில் வேண்டியது பந்து அல்ல, நேரம்.

அந்தச் சனிப் பிற்பகலை யோர்க்ஷயரில் முதலில் பிடித்துக்கொண்டது றக்பி. பிராட்போர்டில் இரண்டு பெரிய கழகங்கள் இருந்தன. ஒன்று பார்க் அவென்யூ மைதானத்தில் ஆடிய பிராட்போர்ட் கழகம். மற்றது 1880இல் தொடங்கிய மனிங்ஹாம் கழகம். மனிங்ஹாம் 1886இல் வலி பரேட் என்ற மைதானத்துக்குப் போனது. இரண்டுமே றக்பி கழகங்கள்தான். உதைபந்தாட்டத்துக்கு அந்த நகரத்தில் அப்போது பெரிய மரியாதை இல்லை.

பிறகு காசுப் பிரச்சினை வந்தது. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை போட்டிக்குத் தூர ஊருக்குப் போனால் அரைநாள் சம்பளம் போய்விடும். அந்த இழந்த சம்பளத்தையாவது கழகம் கொடுக்கலாமா என்று வடக்குக் கழகங்கள் கேட்டன. இலண்டனில் இருந்த றக்பி யூனியன் 1893இல் முடியாது என்று சொல்லிவிட்டது. காசு வாங்காமல் ஆடுவதுதான் கனவான்களின் விளையாட்டு என்பது அவர்களின் வாதம். சம்பளம் வெட்டுப்படாத ஆளுக்கு அப்படிச் சொல்வது சுலபம். 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரத்தின் ஜோர்ஜ் ஹோட்டலில் வடக்குக் கழகங்கள் கூடி, யூனியனை விட்டு விலகி, 22 கழகங்களோடு வடக்கு யூனியன் என்று தனியாகப் பிரிந்தன. பிராட்போர்டின் இரண்டு கழகங்களும் அதில் சேர்ந்தன. முதல் பருவத்திலேயே சம்பியன் ஆனது மனிங்ஹாம்.

இந்த இடத்தில் ஒருவர், "பார்த்தீர்களா, றக்பி ஊர்தான்" என்று சொல்லியிருப்பார். சம்பியன் ஆகி ஏழே வருடம் கழித்து, 1903இல், அதே மனிங்ஹாம் கழகம் றக்பியை விட்டுவிட்டு உதைபந்தாட்டத்துக்கு மாறிவிட்டது.

ஏன் மாறியது? றக்பி பிடிக்காமல் போனதால் அல்ல. கழகத்திடம் காசு இல்லை. கடனை அடைக்க வில்வித்தைப் போட்டி வைத்துக் காசு சேர்க்க வேண்டிய நிலைமை. அதே நேரம் உதைபந்தாட்ட லீக், றக்பி கோட்டையாக இருந்த மேற்கு யோர்க்ஷயருக்குள் எப்படியாவது கால் வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. இவர்கள் கேட்டதும் இரண்டாம் பிரிவில் இடம் கொடுத்துவிட்டது. பிராட்போர்ட் சிட்டி என்று புதுப்பெயர். ஒரு போட்டி கூட ஆடுவதற்கு முன்பே லீக்கில் இடம் பெற்ற கழகம் அது. மைதானம் பழையது, ரசிகர்களில் கனபேர் பழையவர்கள், பந்து மட்டும் உருண்டையானது.

அது வெற்றியும் தந்தது. 1908இல் முதலாம் பிரிவுக்கு ஏறினார்கள். 1911இல் இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ணத்தையே வென்றார்கள். நியூகாஸிலுடனான இறுதிப்போட்டி 0-0 ஆக முடிந்து, மறுபோட்டியில் 1-0. கோல் அடித்தவர் அணித்தலைவர் ஜிம்மி ஸ்பெயர்ஸ். அந்த வருடம்தான் கிண்ணம் புதிதாகச் செய்யப்பட்டது. செய்தவர்களும் பிராட்போர்ட் நகைக்காரர்களே. தங்கள் ஊரில் செய்த கிண்ணத்தைத் தங்கள் ஊருக்கே கொண்டுவந்தார்கள். ஸ்பெயர்ஸ் 1917இல் முதலாம் உலகப் போரில் உயிரிழந்தார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த பார்க் அவென்யூ கழகமும் சும்மா இருக்கவில்லை. 1906இல் றக்பி சவால் கிண்ணத்தை வென்ற கழகம், 1907இல் அதுவும் உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டது. றக்பிக்காரர்கள் இதைத் துரோகம் என்றார்கள். 'மாபெரும் துரோகம்' என்ற பெயர் அந்த ஊரில் இன்றும் சொல்லப்படுகிறது. மனம் உடைந்த சிறுபான்மையினர் விலகிப் போய், சின்ன மைதானம் ஒன்றை எடுத்துக்கொண்டு பிராட்போர்ட் நோர்தன் என்று புதிய றக்பி கழகம் தொடங்கினார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். இரண்டு கழகம் இருந்த நகரத்தில் மூன்று கழகம். ஒரே சனிக்கிழமை, ஒரே குளிர்காலம், ஒரே தொழிலாளியின் சட்டைப் பையில் உள்ள அதே சில்லறை. அதை மூன்று வாசலில் பங்கு போட வேண்டும். 1914 தொடக்கம் 1921 வரை பிராட்போர்டில் இரண்டு முதலாம் பிரிவு உதைபந்தாட்டக் கழகங்கள் இருந்தன என்பது பெருமைதான். ஆனால் 1921இல் பார்க் அவென்யூ கீழே இறங்கியது, 1922இல் சிட்டி இறங்கியது. சிட்டி திரும்ப மேலே வர 1999 வரை எடுத்தது. பார்க் அவென்யூ திரும்ப வரவே இல்லை. 1970இல் லீக்கை விட்டு வெளியேற்றப்பட்டு, 1974இல் கடனில் மூடப்பட்டது. பிற்காலத்தில் அதே பெயரில் ஒரு கழகத்தை மீண்டும் தொடங்கினார்கள், ஆனால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

றக்பிக்காரர்கள் வென்றார்களா? 1934இல் ஓட்சல் என்ற பெரிய மைதானத்துக்குப் போனார்கள். 1954இல் அங்கே நடந்த சவால் கிண்ண மறுபோட்டிக்கு 102,569 பேர் வந்ததாகப் பதிவு இருக்கிறது. அவ்வளவு பேர் வந்த மைதானத்தின் சொந்தக் கழகம் 1963 டிசம்பரில் பருவத்தின் நடுவில் காசில்லாமல் கலைந்துபோனது. அடுத்த வருடம் ஊரார் சேர்ந்து மறுபடி தூக்கி நிறுத்தினார்கள்.

ஆகவே யார் வென்றது என்று கேட்டால், ஒருவருமே முழுதாக வெல்லவில்லை. ஊர் பிரிந்தது, மூன்று பிள்ளையும் மெலிந்தது.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். அதே பார்க் அவென்யூவில், உதைபந்தாட்ட மைதானத்துக்கு ஒட்டினாற்போல் கிரிக்கெட் மைதானம் ஒன்று இருந்தது. யோர்க்ஷயர் மாகாண அணி அங்கே ஆடியது. கிரிக்கெட்டோடு மற்ற இரண்டும் இப்படிச் சண்டை பிடிக்கவில்லை. ஏனென்றால் கிரிக்கெட் கோடைக்காலத்துக்குரியது, மற்ற இரண்டும் குளிர்காலத்துக்குரியவை. பகை விளையாட்டுக்கும் விளையாட்டுக்கும் நடுவில் இல்லை. ஒரே நேரத்தையும் ஒரே இடத்தையும் இருவர் கேட்கும்போதுதான் பகை வருகிறது. வெள்ளிக்கிழமை பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இங்கிலாந்தை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். எந்த விளையாட்டு எந்த ஊரில் வேர் பிடித்தது என்பதற்கு இங்கேயும் அதே மாதிரிக் காரணங்கள்தான்.

றகர் ஏன் கண்டியில் பெரிய விளையாட்டு, நம் பக்கம் ஏன் இல்லை? கண்டியார் பலசாலிகள், நாம் மெலிந்தவர்கள் என்பதால் இல்லை. மலைநாட்டில் தேயிலைத் தோட்டத் துரைமார் இருந்தார்கள். கிழமைக் கடைசியில் கூடி ஆடக் கழகங்கள் வைத்தார்கள். 1891இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் றகர் தொடங்கியது. 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. 1945 தொடக்கம் றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடுகின்றன. தோட்டம் இருந்த இடத்துக்குத் துரை வந்தார், துரையோடு பந்தும் வந்தது. நம் பக்கம் வயலும் வாவியும்தான், துரைமாரின் றகர் கழகம் இல்லை.

முஸ்லிம்களுக்கு இன்ன விளையாட்டுத்தான் என்று எழுதியும் வைக்கவில்லை. கொழும்பு ஸாஹிரா உதைபந்தாட்டத்துக்கும் பேர்போனது, றகரிலும் இறங்கி ஆடுகிறது.

மட்டக்களப்பு நகரத்தையே எடுங்கள். உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் இருந்த ஊரில் கூடைப்பந்தாட்டம் எப்படிப் பெரிய பெயர் எடுத்தது? 1940களின் கடைசியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து இயேசு சபைக் குருமார் வந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய நாட்டு விளையாட்டும் வந்தது. வணபிதா வெபர் பிள்ளைகளை மைதானத்துக்கு இறக்கினார். அவருடைய பெயரில்தான் இன்றைய வெபர் மைதானம். புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தாட்டத்தில் நாடறிந்த பெயர் எடுத்தது அந்தக் குருமாரின் உழைப்பால். பயிற்றுவித்த இன்னொருவர் வணபிதா ஹேபர்ட். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமல் போனார். காத்தான்குடிப் பள்ளிகளிலும் ஏறாவூரிலும் நாம் நம் மையித்துகளை எண்ணிக்கொண்டிருந்த அதே மாதம் அது. ஒரு விளையாட்டு ஒரு ஊரில் நிலைக்க, அதற்காகத் தங்களைக் கொடுத்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

கிரிக்கெட் கொழும்பில் மிகப் பழையது. கொழும்பு கிரிக்கெட் கழகம் 1832இல் தொடங்கியது. றோயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் நடக்கிற பெரிய போட்டி 1879இலிருந்து வருகிறது. ஆனால் நீண்ட காலம் அது பெரிய கல்லூரிகளின் விளையாட்டு. மட்டை, காலுறை, கையுறை, வெள்ளை உடுப்பு, முழு நாள் ஓய்வு, இவ்வளவும் உள்ளவருக்கே அது. உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்து போதும், 22 பேர் ஆடலாம். ஏழை ஊர்களில் அதுதான் முந்தியது.

பிறகு வந்தது இரண்டு வருடம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை மேலதிக நேரத்தில் இந்தியாவை 1-0 என்று வென்றது. நம் வகுப்பில் 40 பிள்ளைகளிடம் கேட்டோம், ஒரு பிள்ளைக்கும் இது தெரியாது. ஒரு வருடம் கூட ஆகவில்லை, 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டால் வென்று கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்தது. அரவிந்த டி சில்வாவின் ஆட்டமிழக்காத 107 எல்லாருக்கும் தெரியும். அன்று பிறக்காத பிள்ளைக்கும் தெரியும். முதல் வெற்றி தெற்காசியாவோடு நின்றது, மற்றது உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் போனது. அதற்குப் பிறகு விளம்பரக் காசும் பயிற்சியும் ஒரு பக்கமே ஓடியது. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைப் பீபா தடை செய்தது. தடை ஓகஸ்ட் வரை நீடித்தது. அதே வருடம் நவம்பரில் கிரிக்கெட் சபையையும் ஐ.சி.சி. இடைநிறுத்தியது. 'எங்கள் விளையாட்டுத்தான் பெரிது' என்று சொல்கிற இரு பகுதியாருக்கும் அந்த வருடம் மேலிடத்தில் பெருமைப்பட ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது நம் மைதானத்துக்கு வருவோம்.

பிராட்போர்ட் தொழிலாளிக்குச் சனிப் பிற்பகல் எப்படியோ, நமக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் அப்படி. பள்ளிக்கூடம் விட்டு, சோறு தின்று, குர்ஆன் மத்ரஸாவும் முடிந்து, அஸர் தொழுதால் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் கிடைக்கும். மஃரிபுக்குப் பிறகு இந்தப் பக்கம் மைதானம் நமக்குச் சொந்தமில்லை, யானைக்குச் சொந்தம். உதைபந்தாட்டத்தின் 90 நிமிடம் அந்த இடைவெளிக்குள் அளவெடுத்த மாதிரிப் பொருந்தும். மூத்தாப்பாமார் காலத்தில் உதைபந்தாட்டம் நிலைத்ததற்கு இது பெரிய காரணம். வயல் வேலை முடித்து வருகிற ஆளுக்கு நாள் முழுக்க நிற்க நேரமில்லை.

பிறகு கிரிக்கெட் ஏன் வந்தது? இதைச் சொன்னால் பலருக்கு நெஞ்சு கனக்கும். 1990இல் உன்னிச்சையை விட்டு வெளியேறினோம். கையில் எடுத்த உடுப்போடு ஏறாவூருக்கும் காத்தான்குடிக்கும் போனோம். அங்கே பிள்ளைகளுக்கு மைதானம் எங்கே இருந்தது? இரண்டு வேலிக்கு நடுவில் ஒரு ஒழுங்கை. ஒழுங்கைக்குள் உதைபந்து ஆடினால் அடுத்த வீட்டு வேலி விழும். மென்பந்துக் கிரிக்கெட் இடத்துக்கேற்பச் சுருங்கும். ஒரு பலகை, ஒரு பந்து, மூன்று கோடு கிழித்த மதில், ஆறு பேர் இருந்தால் போதும். மதிலுக்கு மேலே போனால் ஆட்டமிழப்பு. இடம்பெயர்ந்த பிள்ளையின் விளையாட்டாகக் கிரிக்கெட் வளர்ந்தது. 2007க்குப் பிறகு ஊர் திரும்பத் தொடங்கியபோது அந்தப் பிள்ளைகள் இளைஞர்களாகி, அந்த விளையாட்டையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆகவே, உதைபந்தாட்டத் தம்பிமாரே, கிரிக்கெட் யாரோ தொலைக்காட்சியில் காட்டி நம் பிள்ளைகளைக் கெடுத்த விளையாட்டு என்று சொல்லாதீர்கள். நம் அகதி வாழ்க்கையின் சரித்திரம் அதில் இருக்கிறது. கிரிக்கெட் தம்பிமாரே, உதைபந்தாட்டம் பழைய ஆட்களின் விளையாட்டு என்று சிரிக்காதீர்கள். ஊர் ஊராக இருந்த காலத்தின் ஞாபகம் அது. திரும்பி வந்த வாப்பாமார் பற்றைக்காட்டை வெட்டி முதலில் நட்டது இரண்டு கோல் கம்பம்தான்.

ஒழுங்கை அளவுக்குச் சுருங்கியதைத் தாழ்வாகவும் நினைக்க வேண்டாம். இருபது ஓவர் கிரிக்கெட்டை இங்கிலாந்தில் 2003இல் தொடங்கியதே, வேலை முடிந்து வருகிற மனிதர் மாலையில் வந்து பார்த்துவிட்டு வீடு போகட்டும் என்றுதான். ஐந்து நாள் ஆட்டத்தை மூன்று மணித்தியாலத்துக்குள் மடித்தார்கள். இன்று உலகமே அதைப் பார்க்கிறது.

பிராட்போர்டின் கதையில் நாங்கள் இன்னும் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம்.

1985 மே 11ஆம் திகதி. வலி பரேட் மைதானத்தில் பிராட்போர்ட் சிட்டி அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டியை ஆடிக்கொண்டிருந்தது. தரமுயர்ந்த கழகத்தைப் பார்க்க ஊர் திரண்டிருந்தது. பழைய மரப் பார்வையாளர் அரங்கில் தீப்பிடித்தது. சில நிமிடத்தில் அரங்கு முழுவதும் எரிந்தது. 56 பேர் உயிரிழந்தார்கள். கழகத்துக்கு ஆடுவதற்கு மைதானம் இல்லை.

மைதானம் இல்லாமல் நின்ற அந்தக் கழகம் அயல் நகரங்களான லீட்ஸிலும் ஹடர்ஸ்பீல்டிலும் ஆடியது. பிறகு சொந்த நகரத்திலேயே ஓட்சலில் ஆடியது. அதாவது றக்பி மைதானத்தில். 1907இல் 'துரோகம்' என்று சொல்லிப் பிரிந்துபோனவர்களின் வாரிசுக் கழகத்தின் மைதானம் அது. பிறகு 2001இலும் 2002இலும் ஓட்சலில் வேலை நடந்தபோது, அந்த றக்பி கழகம் வந்து வலி பரேட்டில் ஆடியது. 1903இல் றக்பியை வெளியே அனுப்பிய அதே மைதானம் கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து றக்பிக்குக் கதவைத் திறந்தது.

1895இல் பிரிவினை நடந்த ஹடர்ஸ்பீல்ட் நகரத்தைச் சொன்னோமே, ஜோர்ஜ் ஹோட்டல் இருந்த ஊர். அங்கே 1994இல் புதிய விளையாட்டரங்கம் கட்டினார்கள். உதைபந்தாட்டக் கழகமும் றக்பி கழகமும் அதே புல்லில் ஆடுகின்றன. பிரிவினை பிறந்த ஊர்தான் சேர்ந்திருக்கவும் வழி காட்டியது. 99 வருடம் எடுத்தது, அவ்வளவுதான்.

நமக்கு 99 வருடம் வேண்டாம். நாம் இதை முன்பே செய்தவர்கள். 1990க்குப் பிறகு ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் நம் பிள்ளைகள் மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, நீயும் வா" என்று சேர்த்துக்கொண்ட அந்த ஊர் இளைஞர்களை நம் வாப்பாமார் இன்றும் துஆவில் நினைக்கிறார்கள். வேறு ஊர் மைதானத்தில் இடம் கேட்டு நின்ற நாம், சொந்த ஊர் மைதானத்தில் ஒருவருக்கொருவர் இடம் இல்லை என்று சொல்வது அழகில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமைக்கு எங்கள் கருத்து இதுதான். தீர்ப்பு இல்லை, மஷூறாவுக்கு ஒரு யோசனை.

முதலாவது, மைதானத்தின் நடுவில் கொங்கிரீட் போட வேண்டாம். கொங்கிரீட் ஒருமுறை போட்டால் அடுத்த தலைமுறைக்கும் சேர்த்து முடிவெடுத்த மாதிரி. ஓடிவந்து விழுகிற பிள்ளையின் முழங்கால் அதில்தான் படும். கிரிக்கெட் ஆடுகளத்தின் விக்கெட்டிலிருந்து விக்கெட்டுக்கு 22 யார், ஏறத்தாழ 20 மீற்றர். அகலம் 10 அடி. பயிற்சிக்கு அதை மைதானத்தின் ஒரு ஓரத்தில் வலை அடித்துப் போடலாம். போட்டி நாளில் நடுவில் விரித்து, பிறகு சுருட்டி எடுக்கிற மெட் வாங்கலாம். சேர்த்த காசு வீண்போகாது.

இரண்டாவது, நேரத்தைப் பங்கிடுங்கள். கிழமையில் நாட்களைப் பிரியுங்கள். சுற்றுப்போட்டிகளை ஒரே மாதத்தில் வைக்காதீர்கள். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மாரி மழையில் எப்படியும் இருவருக்கும் மைதானம் இல்லை. மிச்ச மாதங்களை வருடத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிவைத்தால் வாய்த்தர்க்கத்துக்கு இடமில்லை. பிராட்போர்டில் கிரிக்கெட்டோடு சண்டை வராததற்குக் காரணம் கோடையும் குளிரும் பங்கு போட்டுக் கொடுத்தது. நமக்கு அப்படி இயற்கை பங்கு போட்டுத் தரவில்லை. பேசித்தான் பங்கு போட வேண்டும்.

மூன்றாவது, இரண்டு கடிதம் வேண்டாம், ஒரு கடிதம் போதும். பிரதேச சபைக்கு இரு பகுதியும் சேர்ந்து கையொப்பமிட்டு, மைதானத்துக்கு மண் நிரப்பவும் யானை வராமல் வெளிச்சம் போடவும் கேளுங்கள். இரண்டு கடிதம் போனால் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல அவர்களுக்கு அது நல்ல காரணம்.

ஒரு விசயத்தையும் மறக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் வகுப்பில் பார்க்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டு பகுதியிலும் இருப்பவர்கள். திங்கள் உதைபந்து, செவ்வாய் கிரிக்கெட். அவர்களுக்குப் பகுதி இல்லை, பந்து மட்டும்தான். பகுதி பிரித்துக் கொடுப்பது பெரியவர்களாகிய நாம்தான்.

பார்க் அவென்யூவின் பழைய உதைபந்தாட்டப் பக்கத்தில் கழகம் மூடிய பிறகு புல்லும் பற்றையும் வளர்ந்து கிடந்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சத்தம் போட்ட இடம். நம் மைதானத்தில் ஒருமுறை பற்றை வளர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம், 1990க்குப் பிறகு. அப்போது நம் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எல்லாரும் நேரத்துக்கு வாருங்கள். இரு பகுதியாரும் ஒரே ஸப்பில் நின்று தொழுதுவிட்டுப் பேசுவோம். எழுதியதில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்துகிறோம். வெளிநாட்டிலுள்ள தம்பிமாரே, காசு அனுப்புவதற்கு முன் வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்து, எந்தக் கடிதத்துக்கு என்று கேளுங்கள்.

வஸ்ஸலாம்.